கால்நடைக் கல்லூரியும் சீனத்து அம்மணியும்

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று சமாசாரம்தான் ஞாபகம் வரும். ஆஞ்சநேயர், லாரி, முட்டை. கொஞ்சம் படித்தவர்களாக இருந்தால் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பட்டியலில் பேட்மிண்டனையும் சேர்க்கலாம் என்று நான் சொன்னால் டீக்கடையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பேட்மிண்டனுக்குத் தமிழில் 'இறகுப்பந்து' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். 'ஷட்டில்' என்பார்கள். சில பத்திரிகைகள் 'பூப்பந்து' என்றே எழுதிவிடுகின்றன. பூப்பந்து வேறு விளையாட்டு ஸ்வாமி! மஞ்சள் கம்பளி உருண்டையை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுவது. தஞ்சாவூரில் பிறந்தது என்பார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத்தான் ஆடுவார். பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்துக் கழுவிக் காயவைப்பது எங்கள் வகுப்பின் வேலை.

ஷட்டிலைக் கழுவிக் காயவைக்க முடியாது. மொத்தம் 16 இறகுகள். எடை ஐந்து கிராமை ஒட்டித்தான் இருக்க வேண்டும். 4.74 கிராமுக்குக் கீழே போகக்கூடாது, 5.50-க்கு மேலே ஏறக்கூடாது. தங்க நகைக்கடையில்கூட இவ்வளவு கறார் கிடையாது. வாத்து இனத்தின் சிறகு இறகுகள்தான் இதற்கு லாயக்கு. அதிலும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும். இடது என்றால் பதினாறும் இடது. கலந்து வைத்தால் பந்து ஒழுங்காகச் சுழலாது. ராசிபுரம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். கோழி இறகு ஆகாது என்று கேட்டதும் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அத்தனையும் குப்பைக்குத்தானுங்க போவுது" என்றார்.

ஆகவே கோழிக்கும் ஷட்டிலுக்கும் சம்பந்தமில்லை. கோழிக்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்கிற கல்லூரிக்கு இருக்கிறது. நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது அல்லவா, 1985-ல் ஆரம்பித்தது? அங்கே மாடு, ஆடு, கோழி பற்றிப் படித்துக்கொண்டிருந்த துளசிமதி முருகேசன், 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்ஸில் பெண்கள் ஒற்றையர் பேட்மிண்டனில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பாராலிம்பிக்ஸ் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கிய முதல் இந்தியப் பெண்.

சொந்த ஊர் காஞ்சிபுரம். 2002-ல் பிறந்தவர். பிறவியிலேயே இடது கையில் குறை. அப்பா தினக்கூலி வேலை பார்ப்பவர், விளையாட்டுப் பைத்தியம். காசு கொடுத்துக் கோச் வைக்க வசதியில்லாததால் தானே கோச் ஆகிவிட்டார். மகளுக்குச் சின்ன வயசிலேயே மட்டையைக் கையில் கொடுத்து விரட்டியிருக்கிறார். நம் வீடுகளில் மட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுப்போம். இந்த மனுஷர் இரண்டையும் கொடுத்திருக்கிறார். பெண் இரண்டையும் கீழே போடவில்லை. பிளஸ் டூ முடித்துக் கால்நடை மருத்துவத்துக்குள் நுழைவது எவ்வளவு சிரமம் என்பது அதற்கு விண்ணப்பம் போட்டு ஏமாந்த பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

\* \* \*

"ரெண்டு கையும் இருந்தாத்தானா? ஷட்டில் ஆட ஒரு கை போதுமே, இதில் என்ன ஊனம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். சரியான கேள்விதான். பதில் சொல்லுமுன் அவரை ஒரு காரியம் செய்யச் சொன்னேன். இடது கையை வேட்டிக்குள் செருகிக்கொண்டு வலது கையால் தலைக்கு மேலே ஓங்கி ஒரு ஸ்மாஷ் அடிப்பதுபோல் பாவனை செய்யச் சொன்னேன். செய்தார். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

நீங்களும் முயன்று பாருங்கள், பக்கத்தில் கண்ணாடிச் சாமான் எதுவும் இல்லாதபோது. ஷட்டிலில் மட்டை பிடிக்கிற கை பாதி வேலைதான் செய்கிறது. மற்ற கை முன்னால் நீண்டு பந்தைக் குறிபார்க்க உதவுகிறது. அடிக்கும்போது உடம்போடு சேர்ந்து மடங்கி இடுப்பைத் திருப்பித் தருகிறது. பின்பக்கம் தாவி அடித்துவிட்டு விழாமல் முன்னால் ஓடிவர, சர்க்கஸில் கம்பிமேல் நடப்பவனுக்குக் கழி மாதிரி, அந்தக் கைதான் துணை. சர்வீஸ் போடும்போது பந்தைப் பிடிப்பதும் அதுவே. அது சரியாக ஒத்துழைக்காவிட்டால் அதற்கு ஏற்ற மாதிரி கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் புதிதாகப் பழக்கவேண்டும்.

இதற்குத்தான் பாரா பேட்மிண்டனில் பிரிவு பிரித்திருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு இரண்டு பிரிவு. காலில் குறை உள்ளவர்களுக்கு இரண்டு. கையில் குறை உள்ளவர்களுக்கு எஸ்.யு.5. உயரம் குறைந்தவர்களுக்கு எஸ்.எச்.6. பேரைக் கேட்டால் மோட்டார் பம்ப் மாடல் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: காலில் அதிகக் குறை உள்ள பிரிவில் ஒற்றையர் ஆட்டத்துக்குப் பாதி கோர்ட்தான். எஸ்.யு.5-க்கு எந்தத் தள்ளுபடியும் கிடையாது. சிந்துவும் சாய்னாவும் ஓடிய அதே முழு கோர்ட். அதே வலை, அதே 21 பாயிண்ட்.

பாரிஸில் செப்டம்பர் 1-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. துளசிமதிக்கு எதிரே நின்றது சீனாவும் ஜப்பானும் இல்லை, நம் திருவள்ளூர்ப் பெண் மனிஷா ராமதாஸ்! இவர் சாமானியப்பட்டவர் இல்லை. 2022-ல் உலக சாம்பியன். அந்த வருஷத்தின் உலகச் சிறந்த பாரா பேட்மிண்டன் வீராங்கனை என்று சர்வதேச சம்மேளனமே விருது கொடுத்திருக்கிறது. அவருக்கு வலது கையில் பிரச்னை, இடது கையால் ஆடுபவர். இவருக்கு இடது கையில் பிரச்னை, வலது கையால் ஆடுபவர். வலைக்கு இரண்டு பக்கமும் தமிழ். அம்பயரைத் தவிர எல்லோரும் நம்ம ஆள். துளசிமதி 23-21, 21-17 என்று ஜெயித்தார். தோற்ற மனிஷா அழுதுகொண்டு உட்காரவில்லை. மறுநாள் டென்மார்க் பெண்ணை 21-12, 21-8 என்று அடித்து வெண்கலத்தை வாங்கிக்கொண்டார். அதே வாரத்தில் ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ சிவன் எஸ்.எச்.6 பிரிவில் இன்னொரு வெண்கலம். பாரிஸில் பேட்மிண்டனில் இந்தியாவுக்குக் கிடைத்த ஐந்து பதக்கங்களில் மூன்று தமிழ்நாட்டுப் பெண்களுடையது. கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் சேலம் நாலு ரோட்டில் கட்அவுட் வைத்து டிராபிக்கை நிறுத்தியிருப்பார்கள்.

இறுதிப் போட்டி செப்டம்பர் 2. எதிரே சீனாவின் யாங் சியூஷியா.

\* \* \*

இங்கே சீனத்து அம்மணிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெண்கள் ஒற்றையர் பேட்மிண்டனும் சீனாவும் நம் சேலமும் மாம்பழமும் மாதிரி. 1992-ல் பார்சிலோனாவில்தான் பேட்மிண்டன் ஒலிம்பிக்ஸில் பதக்க விளையாட்டாகச் சேர்ந்தது. அதிலிருந்து 2024 வரை ஒன்பது ஒலிம்பிக்ஸ். அதில் ஐந்து தடவை பெண்கள் ஒற்றையர் தங்கம் சீனாவுக்கு. சின்ன வயசிலேயே பொறுக்கி எடுத்து, விளையாட்டுப் பள்ளியில் போட்டு, அடித்துத் துவைத்து எடுத்துவிடுவார்கள். இயந்திரம் மாதிரி ஆடுகிறார்கள் என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஜாங் நிங் கதையைக் கேட்டால் உங்களுக்கும் சம்மதமிருக்காது.

1994-ல் ஜகார்த்தாவில் ஊபர் கோப்பை இறுதிப் போட்டி, சீனாவுக்கும் இந்தோனேஷியாவுக்கும். இரண்டுக்கு இரண்டு சமம். கடைசி ஆட்டத்தில் சீனாவுக்காக 19 வயசு ஜாங் நிங். எதிரே மியா ஔதினா என்று 14 வயசுக் குழந்தை. நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு. இந்தோனேஷியாவில் கூட்டம் எப்படிக் கத்தும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தை ஜெயித்துவிட்டது. கோப்பை போச்சு. ஒரு தேசம் மொத்தமும் உன்னால்தான் போச்சு என்று ஒரு பெண்ணைப் பார்த்தால் அது எப்படியிருக்கும்? கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு அதிகம் போட்ட சமையல்காரரை நாம் பத்து வருஷம் சொல்லிக்காட்டுகிறவர்கள். நமக்குப் புரியும்.

ஜாங் நிங் போகவில்லை. 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் தங்கம் வேறு யாருக்கோ போயிற்று. தன்னைவிடச் சின்னப் பெண்கள் முன்னால் போனார்கள். 2003-ல் 28 வயசில்தான் முதல்முறையாக உலக சாம்பியன். ஷட்டிலில் அது பென்ஷன் வாங்குகிற வயசு. 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் இறுதிப் போட்டி. எதிரே யார்? கல்யாணமாகி நெதர்லாந்துக்கு ஆட வந்துவிட்ட அதே மியா ஔதினா! முதல் கேம் போச்சு, 8-11. அடுத்த இரண்டும் 11-6, 11-7. சினிமாவில் வைத்தால் 'இதெல்லாம் ரொம்ப ஓவர்' என்று வெட்டிவிடுவார்கள். நாலு வருஷம் கழித்து பெய்ஜிங்கில், 33 வயசில், இன்னொரு சீனப் பெண்ணை ஜெயித்து மறுபடியும் தங்கம். பெண்கள் ஒற்றையரில் ஒலிம்பிக்ஸ் தங்கத்தை இரண்டு முறை வாங்கிய ஆள் இதுவரை அவர் ஒருவர்தான்.

இயந்திரம் இப்படிப் பத்து வருஷம் ஒரு தோல்வியை நினைவு வைத்துக்கொள்ளுமா, சொல்லுங்கள்.

யாங் சியூஷியா அந்தப் பரம்பரை. டோக்கியோவில் 2021-ல் பாரா பேட்மிண்டன் முதல்முறையாகப் பாராலிம்பிக்ஸில் சேர்ந்தபோதே எஸ்.யு.5 தங்கத்தை எடுத்துக்கொண்டு போனவர். ஆனால் துளசிமதிக்கு அவர் அந்நியம் இல்லை. 2023 அக்டோபரில், யாங்கின் சொந்த நாட்டில், ஹாங்ஜோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டின் இறுதிப் போட்டியில் நம் பெண் அவரை 21-19, 21-19 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியிருந்தார். உள்ளூர் ஜனம் உட்கார்ந்து பார்க்க, டோக்கியோ தங்கக்காரியை நேர் கேம்களில்! அதற்கு அடுத்த வாரம் நாமக்கல்லில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது? கல்லூரிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அன்றைய முட்டை விலை தெரிந்திருக்கும்.

பாரிஸில் கணக்கு மாறிப்போயிற்று. 17-21, 10-21. முதல் கேமில் போராட்டம் தெரிகிறது, இரண்டாவதில் சீனத்து அம்மணி கதவைச் சாத்திவிட்டார். யாங் இரண்டாவது பாராலிம்பிக்ஸ் தங்கம். துளசிமதிக்கு அப்போது வயது 22.

தமிழக அரசு அவருக்கு இரண்டு கோடி ரூபாயும், மனிஷா, நித்யஸ்ரீ, எங்கள் சேலம் மாரியப்பன் மூவருக்கும் தலா ஒரு கோடியும் கொடுத்தது. மூன்று பெண்களுக்கும் அர்ஜுனா விருதும் 2025 ஜனவரியில் கிடைத்தது. மாரியப்பனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து கிளம்பி ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்ஸிலும் வெறுங்கையோடு திரும்பாதவர். இன்னொரு வாரம்.

\* \* \*

இதையெல்லாம் நான் இவ்வளவு அக்கறையாகத் துருவியதற்குக் காரணம் ஒரு பட்டறைக்காரர். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற வேலை. வெல்டிங் வைத்து வைத்துக் கண் எப்போதும் சிவந்திருக்கும். மனுஷர் தங்கம். அவருக்கு ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண். வலது கை முழங்கைக்குக் கீழே சூம்பினது. பிறவியில் வந்தது. நான் பார்த்தபோதெல்லாம் அந்தப் பெண் தாவணி மாதிரி துப்பட்டாவைச் சுற்றி அந்தக் கையை உள்ளே வைத்திருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடில் நோட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். "அது ஒதுங்கியே இருக்கட்டும்னு டீச்சரும் விட்டுட்டாங்க" என்றார் அப்பா.

"அடையாள அட்டை வாங்கியாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்ணா. நம்ம அம்மா வேண்டாம்னுட்டாங்க. சர்ட்டிபிகேட் வாங்கினா ஊருக்கே தெரிஞ்சு போயிரும். நாளைக்கு ஒரு எடம் பார்க்கிறப்ப அது முன்னால வந்து நிக்கும்ங்கிறாங்க."

"இப்ப ஊருக்குத் தெரியாதுங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. வெல்டிங் ராடை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் பார்த்த உலகம் அப்படி. அந்தக் காலத்தில் அரசாங்கக் காகிதத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் அதுதான் ஆயுசுக்கும் பேர். உதவித்தொகைக்கு அலைந்தவர்கள் கதையையும் அவர் கேட்டிருப்பார். எனக்கே ஒரு அனுபவம் உண்டு. உறவுக்காரப் பையன் ஒருவனுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, போலியோவால் நடக்கமுடியாதவனை மாடிக்கு வரச்சொன்னார்கள். லிஃப்ட்? சிரித்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. இன்னும் அங்கே எனக்கு ஒரு ஃபைல் பாக்கி இருக்கிறது.

ஆனால் விஷயம் இதுதான். காகிதம் இல்லாமல் பாரா விளையாட்டில் காலை வைக்க முடியாது. மருத்துவ போர்டு பார்க்கவேண்டும். சர்வதேசப் போட்டி என்றால் அவர்களே மறுபடியும் தனியாகச் சோதித்து, கை எவ்வளவு நீளுகிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்துப் பிரிவு கொடுப்பார்கள். எந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்து மறைக்கச் சொல்லி வளர்த்தோமோ, அதே கையை வெளியே எடுத்து நாலு பேர் முன்னால் நீட்டவேண்டும். காஞ்சிபுரத்து அப்பா மகளுக்கு மட்டை கொடுத்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நீட்டுகிற தைரியத்தையும் எப்படியோ கொடுத்திருக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்கு எந்த அரசும் இரண்டு கோடி தரவில்லை.

பட்டறைக்காரரிடம் பாரிஸ் ஆட்டத்தின் வீடியோவைக் காட்டினேன். தோற்ற இறுதிப் போட்டியை விட்டுவிட்டு மனிஷாவோடு ஆடிய அரையிறுதியை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கிரைண்டரை நிறுத்தச்சொல்லிப் பார்த்தார். பட்டறைப் பையன்கள் நாலு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். "எடது கையில அடிக்குதுங் அந்தப் புள்ள" என்றான் ஒருவன். "சோத்துக்கை வராது அதுக்கு. அதுதான்" என்றான் இன்னொருவன், வெகு சாதாரணமாக. 20-க்கு 20 ஆனபோது டீ ஆறிப்போனது யாருக்கும் ஞாபகமில்லை.

பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தியது. அப்பா செல்போனை நீட்டினார். "பாரு கண்ணு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அது நின்றுகொண்டே பார்த்தது. புத்தகப் பையைக் கழற்றவில்லை. முடிகிற வரைக்கும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். இப்படி உபதேசமாக எதையாவது காட்டினால் அந்த வயசுப் பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும். என் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

"இவங்க நம்ம நாமக்கல் காலேஜ்லயா படிச்சாங்க?"

"ஆமாம்மா. மோகனூர் ரோட்டுல."

கொஞ்ச நேரம் யோசித்தது. "அங்க சீட்டுக்கு எவ்ளோ மார்க் எடுக்கணும்?" என்றது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உள்ளே போய்விட்டது. ஷட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சப்பென்றாகிவிட்டது, அப்பாவுக்கும்தான்.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். சமாதானம் செய்து களைத்திருந்தார். கலெக்டர் ஆபீஸில் கேம்ப் என்றைக்கு என்று என்னிடம் விசாரித்தார். எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"அப்புறம் இன்னொண்ணுங்ணா" என்று இழுத்தார். "எடது கைக்குன்னு தனியா மட்டை வருதுங்களா, இல்ல எல்லாம் ஒண்ணுதானுங்களா?"

எல்லாம் ஒன்றுதான் என்றேன். விலை கேட்டார்.